பர்னஸ் ஆயில் டேங்கில் அடிக்கசடு எடுத்த வேலை

எண்ணெய் டேங்கில் அடிக்கசடு எடுக்க யார் கூப்பிட்டாலும் நான் முதலில் பார்ப்பது, உள்ளே ஆள் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதைத்தான். எத்தனை பேரல் வரும், கூலி எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு. மேன்ஹோலைத் திறந்தோம், நாலு பேரை இறக்கினோம், வாளியில் அள்ளினோம் என்று முடிக்கிற வழக்கம் நம்ம பக்கம் இன்னும் இருக்கிறது. அப்படி இறக்க வேண்டிய அவசியமே இல்லை. கசட்டில் பெரும்பகுதியை வெளியில் நின்றபடியே மறுபடி எண்ணெயாக்கி இழுத்துவிடலாம். திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டான் பக்கம் ஓர் ஆலையில் அப்படிச் செய்த வேலையை அளவுகளோடு எழுதிவைக்கிறேன். அடுத்து இதே வேலையில் இறங்குகிறவருக்கு உதவும்.

பாய்லரில் எரிக்கும் கனமான எண்ணெய்தான் பர்னஸ் ஆயில். அதைத் தேக்கும் டேங்க், தாங்கிகள் மேல் படுக்கைவாட்டில் கிடக்கும் இரும்பு உருளை. குறுக்களவு 2.5 மீட்டர், நீளம் 6 மீட்டர். முழுக்க நிரப்பினால் 29,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். முன்பு ராப்பகலாக எண்ணெய் பாய்லருக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. ஆலை விறகு பாய்லருக்கு மாறிய பிறகு எண்ணெய் பாய்லர் அவசரத்துக்கு மட்டும் என்றாகிவிட்டது. ஓடுகிற எண்ணெயைவிட நிற்கிற எண்ணெய்தான் அதிகம் படியும். நம்ம மாவட்டத்தில் இப்படி ஓரமாக நிற்கும் டேங்குகள் நிறைய உண்டு. ஒருநாள் திடீரென்று தேவைப்படும்போதுதான் அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியவரும்.

இங்கேயும் அதுதான் நடந்தது. எண்ணெய் பாய்லரைப் போட்டால், எண்ணெயை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் அடைத்தது. கழற்றிக் கழுவிப் போட்டால் மறுபடி அடைத்தது. பம்ப் பிரஷர் இறங்கியது. பர்னரில் தீ துப்பித் துப்பி எரிந்தது, நடுநடுவே சடசடவென்று பொரிந்தது. பொரிந்தால் எண்ணெயோடு தண்ணீரும் போகிறது என்று அர்த்தம். பாய்லர் பார்க்கும் தம்பி சொன்ன ஒரு தகவல்தான் எனக்கு வழி காட்டியது. "லாரி வந்து எறக்குன அன்னைக்குத்தான் அண்ணாச்சி ரொம்பப் படுத்துது. பெறவு ரெண்டு நாள்ல தன்னால சரியாயிருது."

அது ஏன் என்று யோசித்துப் பார்த்தால் அடியில் இருப்பதன் வடிவமே பிடிபட்டுவிடும். எண்ணெய் எடுக்கும் குழாய் டேங்கின் அடியிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கசடு அதையும் தாண்டி ஏறிவிட்டது. ஆனாலும் குழாய் தொடர்ந்து இழுப்பதால் அதன் வாய்க்கு முன்னால் மட்டும் ஒரு குழி இருக்கும். அந்தக் குழியில் நிற்கும் நல்ல எண்ணெய்தான் பாய்லருக்குப் போய்க்கொண்டிருந்தது. லாரி எண்ணெய் மேலிருந்து விழுந்து கலக்கியதும் சுற்றியுள்ள கசடு சரிந்து குழியை மூடுகிறது. இழுக்க இழுக்க மறுபடி குழி உண்டாகிறது. இத்தனைக்கும் ஸ்ட்ரெய்னர்மேல் எந்தக் குறையும் இல்லை.

இந்தக் கசடு என்பது ஒரே பொருள் அல்ல. எண்ணெயிலேயே இருக்கும் மெழுகும் தார் போன்ற கனமான பகுதியும் குளிர்ந்து இறங்குகின்றன. வேறு வேறு இடத்து எண்ணெயை ஒரே டேங்கில் ஊற்றும்போது, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் தார்ப்பகுதி பிரிந்து கீழே விழுகிறது. டேங்கின் உள்சுவரிலிருந்து துரு உதிர்கிறது. டேங்குக்குக் காற்றுப் போய்வரும் மூச்சுக்குழாய் வழியாகத் தூசி வருகிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேகாற்று அடிக்கும்போது கங்கைகொண்டானில் செம்மண் எப்படிப் பறக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த மேற்கைப் பார்த்தபடியே மூச்சுக்குழாயின் வாய் வளைந்திருந்தது. பிறகு தண்ணீர். பகலில் சூடாகி ராத்திரி குளிரும் டேங்க், மூச்சு இழுத்து விடுகிற மாதிரி வெளிக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். காற்றில் உள்ள ஈரம் உள்ளே வியர்த்துக் கீழே இறங்கும். தண்ணீரின் கனத்தை 1 என்று வைத்தால் பர்னஸ் ஆயிலின் கனம் (ஒப்படர்த்தி) 0.95-ஐ ஒட்டி இருப்பதால் தண்ணீருக்கும் அதற்கும் கனத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் தண்ணீர் முழுதாகப் பிரியாமல் கசட்டோடு குழம்பி நிற்கிறது.

அளவு எடுக்கும் வேலையை ஆலைக்காரர்கள் ஏற்கெனவே செய்திருந்தார்கள், ஆனால் அளவுக் கம்பி விடுவதற்காக நடுவில் உள்ள டிப் துளை வழியாக மட்டும். ஓரிடத்து அளவை வைத்து முடிவெடுக்கக் கூடாது. மூச்சுக்குழாயைக் கழற்றி ஒரு துளை, மேன்ஹோல் மூடியில் இருந்த பிளக்கைக் கழற்றி இன்னொரு துளை என்று மூன்று இடத்தில் பார்த்தோம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கம்பி விடவேண்டும். ஒன்றின் நுனியில் உள்ளங்கையளவு பித்தளைத் தட்டு இருக்கும். அது கசட்டின் மேல்பரப்பில் தட்டி நின்றுவிடும். இன்னொன்று வெறும் பித்தளைக் கம்பி. கசட்டைத் துளைத்துக்கொண்டு அடித்தகடு வரை போகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கசட்டின் உயரம். வெறும் கம்பியில் தண்ணீர் காட்டும் பேஸ்ட்டைத் தடவிவிட்டால், தண்ணீர் பட்ட இடம் வரை நிறம் மாறிக் காட்டும். குழாய்ப் பக்கம் குறைவாகவும் எதிர்முனையில் அதிகமாகவும் இருந்தது. சராசரி 30 செ.மீ.

இந்த 30 செ.மீ.யைப் பார்த்து, "எட்டில் ஒரு பங்கு டேங்க் போச்சே" என்று ஸ்டோர் பொறுப்பாளர் கவலைப்பட்டார். படுத்திருக்கும் உருளையில் கணக்கு அப்படி வராது. அடிப்பக்கம் குறுகலானது. 30 செ.மீ. உயரத்துக்கு 2,000 லிட்டர்தான் பிடிக்கும், அதாவது மொத்தக் கொள்ளளவில் ஏறக்குறைய 7 சதவீதம். 15 செ.மீ.க்குக் குறைத்தால் 720 லிட்டர். உயரம் பாதியானால் அளவு மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகிவிடுகிறது. வெளியிலிருந்து குறைக்கும் ஒவ்வொரு செ.மீ.யும் உள்ளே இறங்குபவன் அள்ளவேண்டியதில் பெரிய அளவைக் குறைக்கிறது என்பதால்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

அடுத்தது பாட்டில் சோதனை. இதற்கு ஆய்வகம் தேவையில்லை. எதிர்முனையிலிருந்து எடுத்த கசட்டை அகன்ற வாய் கண்ணாடி பாட்டில்களில் கால்வாசி போட்டேன். ஒன்றில் சுத்தமான பர்னஸ் ஆயில், ஒன்றில் டீசல், ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை. டேங்கைவிட்டுத் தள்ளி, தீ எதுவும் இல்லாத இடத்தில், வெந்நீர் வாளியில் வைத்து மரக்குச்சியால் கலக்கினோம். வெந்நீர் 55 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டோம். எதுவும் சேர்க்காத பாட்டிலில் கசடு இளகியது, ஆனால் உடையவில்லை. பர்னஸ் ஆயில் சேர்த்ததில், முதலில் கருப்பட்டிக் கூழ் போலக் கட்டியாய்ச் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் கட்டிகள் ஓரத்திலிருந்து கரைந்து, பாட்டிலைச் சாய்த்தால் கண்ணாடியில் கோடு கோடாய் வழிந்தது. அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கருமணல் தங்கியது. விரலில் தேய்த்தால் நறநறவென்றது. காந்தத்தைக் காட்டினால் பாதி ஒட்டிக்கொண்டது. ஒட்டியது துரு, ஒட்டாதது மண். ஆக, இருப்பதில் பெரும்பகுதி எண்ணெயே, கையால் அள்ளவேண்டியது அந்த விரல் கனம்தான் என்று தெரிந்துபோயிற்று.

டீசல் ஊற்றிய பாட்டில் இன்னும் வேகமாய்க் கரைந்தது என்பது உண்மை. அதைப் பார்த்த பொறுப்பாளர் கேட்டார்: "ரெண்டு பேரல் டீசலை ஊத்திக் கலக்குனா சோலி முடிஞ்சிரும்லா அண்ணாச்சி?"

நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். பர்னஸ் ஆயிலுக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 1593. அதன்படி தீப்பற்று வெப்பநிலை, அதாவது எண்ணெயின் ஆவி நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும் சூடு, குறைந்தது 66 டிகிரி இருக்கவேண்டும். டீசலுக்கான ஐஎஸ் 1460-இல் அது 35 டிகிரிதான். திருநெல்வேலி வெயிலே சித்திரை, வைகாசியில் அந்த 35-ஐத் தாண்டிவிடுகிறது. வெயில் பட்ட டேங்கின் முதுகு அதைவிட எவ்வளவோ சூடு. டீசலைக் கலந்த நிமிடத்திலிருந்து, அந்த டேங்க் நம் ஊர் சாதாரணப் பகல் சூட்டிலேயே தீப்பிடிக்கும் ஆவியை உண்டாக்கத் தொடங்கிவிடலாம். அதைச் சூடாக்குவதை நினைத்தே பார்க்கக் கூடாது. போதாததற்கு டீசல் குழாயில் ஓடும்போது நிலைமின்சாரத்தைத் தேக்கிக்கொள்ளும். நேரம் மிச்சம் என்று இதைச் செய்துவிட்டு, பிறகு அதே டேங்குக்குள் ஆளை இறக்குவது எனக்கு நெஞ்சு பொறுக்காத காரியம். சூடான பர்னஸ் ஆயில் மெதுவாகக் கரைத்தாலும் கரைக்கிறது. அது போதும்.

சூட்டுக்குப் பஞ்சமில்லை, விறகு பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது, டேங்குக்குள் நீராவி ஓடும் ஆவிச்சுருளும் இருந்தது. ஆனால் சுருள் எப்போதும் எண்ணெயில் முழுகியிருக்க வேண்டும். வெளியே தெரியும் சுருளில் ஒட்டிய எண்ணெய் கட்டுப்பாடில்லாமல் சூடாகும். அதனால் எண்ணெய் மட்டத்தை 70 செ.மீ.யில் நிறுத்தினோம், கசடோடு சேர்த்து ஏறக்குறைய 6,700 லிட்டர். சூடு 50-லிருந்து 55 டிகிரிக்குள். பர்னஸ் ஆயில் 66-க்குக் கீழே இருந்தாலும் மேலுள்ள வெற்றிடத்தில் எரியும் ஆவி சேரவே சேராது என்று நம்பக்கூடாது. அதனால் அந்த வெற்றிடத்தைத் தீப்பிடிக்கும் இடமாகவே கருதித்தான் நடந்தோம். அடியில் தண்ணீர் கிடக்கும் டேங்கை 100 டிகிரியை ஒட்டிச் சூடாக்குவது இன்னும் மோசம். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்காக விரியும். எண்ணெய் முழுவதையும் நுரையாகப் பொங்கவைத்து மேலே தள்ளிவிடும். சூடேற்றும் முன் வடிகுழாயைத் திறந்து, வருகிற தண்ணீரையெல்லாம் பேரலில் பிடித்துக்கொண்டோம்.

கலக்குவதற்கு ஒரு தகடு செய்தோம். மேன்ஹோல் மூடிக்குப் பதிலாகப் பொருத்துகிற அளவில் வட்டத் தகடு, நடுவே ஒரு துளை, துளையில் கசியாமல் பிடிக்கக் கயிற்றுப் பேக்கிங் வைத்த கிளாண்டு, அதன் வழியாக இறங்கும் இரண்டங்குலக் குழாய். குழாயின் நுனியில் ஒரு எல்போ, அதில் வாய் குறுக்கிய நாசில். வெல்டிங் எல்லாம் பேட்டைத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வைத்து முடித்தோம். ஆலைக்கு வந்த பிறகு தீப்பொறி வரும் எந்த வேலையும் இல்லை. நாசில் அடித்தகட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில், எண்ணெய்க்குள் முழுகி நிற்கும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைத் திருப்பினால் கீழே நாசிலும் திரும்பும். தகட்டின் மேல் சுண்ணக்கட்டியால் கடிகாரம் போல எண்கள் எழுதிவைத்தோம். எந்தத் திசையில் எவ்வளவு நேரம் பீய்ச்சினோம் என்பதைப் பார்க்கிறவர் மாறினாலும் புரிந்துகொள்ள இது வசதி.

பீய்ச்சும் வாய் எண்ணெய்க்குள் முழுகியிருப்பது முக்கியம். மேலிருந்து பீய்ச்சினால் துளிகளாகச் சிதறும், சிதறினால் மின்னேற்றம் உண்டாகும். ஹோஸ், பம்ப், குழாய், டேங்க் எல்லாவற்றையும் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்து எர்த் கொடுத்தோம். ஆலையின் கியர் பம்பைத் தொடவில்லை. மணல் போனால் பல் தேய்ந்துவிடும். காற்றில் ஓடும் டயாப்ரம் பம்ப் வைத்தோம். அதில் மோட்டார் கிடையாது, மணலையும் தாங்கும். எடுக்கும் குழாயிலிருந்து இழுத்து, கூடை ஸ்ட்ரெய்னர் வழியாகப் போய், நாசில் வழியே திரும்ப உள்ளே. இதுதான் சுற்று.

தொடக்கத்தில் ஸ்ட்ரெய்னர் கூடை நிமிடக்கணக்கில் நிறைந்தது. எதிர்முனையைக் கலக்கும்போது ஒரு கட்டத்தில் பம்பின் சத்தமே மாறிற்று. கனமான எண்ணெய் வருகிறது என்று அர்த்தம். போகப்போகக் கூடையில் வருவது குறைந்து, கடைசியில் துருத் தூள் மட்டும் வந்தது. தட்டுக் கம்பியை விட்டுப் பார்த்தால் சராசரி 9 செ.மீ. அதாவது 340 லிட்டர். 2,000 லிட்டர் கசட்டில் ஆறில் ஐந்து பங்கு ஒருவரும் உள்ளே தலை நீட்டாமலேயே கரைந்துவிட்டது. கரைந்த எண்ணெயைச் சூடு ஆறும் முன்னே காலி டேங்குக்கு மாற்றி, தெளியவிட்டு, தண்ணீரை வடித்தோம். அதைப் புது எண்ணெயோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து எரித்துக்கொள்கிறார்கள்.

இனிமேல்தான் ஆள் இறங்கும் கட்டம்.

வால்வை மூடினால் போதும் என்று விடக்கூடாது. வால்வு கசியும், யாராவது தெரியாமல் திறப்பார்கள். எண்ணெய்க் குழாய், ஆவிக் குழாய், வடிகுழாய் மூன்றையும் பிளாஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பில்) பிரித்து நடுவே முழுத்தகடு போட்டு முடுக்கினோம். பம்ப் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இறங்குகிறவரிடமே கொடுத்தோம். டேங்க் நன்றாக ஆறும் வரை காத்திருந்தோம்.

காற்றோட்டத்துக்கு மேகாற்றையே துணைக்கு எடுத்துக்கொண்டோம். மேற்கு முனையில் நல்ல காற்று உள்ளே போகும்படியும், கிழக்கு முனையில் ப்ளோயர் உள்ளிருப்பதை இழுத்து வெளியேற்றும்படியும் வைத்தோம். இழுக்கும் குழாயின் வாய் டேங்கின் அடிமட்டம் வரை போகவேண்டும். எண்ணெய் ஆவியும், கசட்டிலிருந்து வரும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடும் காற்றைவிடக் கனமானவை. மேலே மட்டும் காற்றோட்டம் கொடுத்தால் அவை அசையாமல் கீழேயே கிடக்கும். காற்றழுத்தி எஞ்சின் டேங்குக்கு மேற்கே நின்றது. அதைக் கிழக்கே தள்ளிக் கொண்டுபோகச் சொன்னேன். மேற்கிலேயே விட்டால், எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடை நாமே ஊதி உள்ளே அனுப்புவது போல ஆகிவிடும்.

மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பார்த்தோம். முதலில் ஆக்சிஜன், 19.5-லிருந்து 23.5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். எரியும் வாயுவைப் பார்க்கும் உணரி பெரும்பாலும் ஆக்சிஜன் இருந்தால்தான் சரியாகக் காட்டும், அதனால்தான் இந்த வரிசை. எரியும் வாயு, காற்றில் தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவில் (எல்இஎல்) 10 சதவீதத்துக்குக் கீழே. பிறகு ஹைட்ரஜன் சல்பைடு. எங்கள் மீட்டரின் எச்சரிக்கை 10 பிபிஎம்-இல், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு இருந்தாலே, அடிக்கும். இது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு, மூக்கே சொல்லிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அளவு 100 பிபிஎம்-ஐ நெருங்கினால் மோப்பம் மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நிம்மதியாகிற நேரம்தான் உயிர் போகிற நேரம்.

மூன்று மட்டத்திலும் மீட்டர் சுத்தமாகக் காட்டியது. இந்த இடத்தைத்தான் எல்லோரும் கவனித்துப் படிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். கசட்டைத் தொடுவதற்கு முன் எடுத்த அளவு, தொட்ட பிறகு செல்லாது. கந்தகம் உள்ள எண்ணெயின் கசடு, மேலே தோல் கட்டிக்கொண்டு வாயுவைத் தனக்குள் அடைத்து வைத்திருக்கும். தோல் கிழியும்போதுதான் அது வெளியே வரும். அதனால் முதலில் மேன்ஹோலுக்கு வெளியே நின்றபடி, நீளக் கைப்பிடி போட்ட மரத்துடுப்பால் எட்டிய மட்டும் கிளறினோம். கிளறிய உடனே எரிவாயு எண் ஏறியது, ஹைட்ரஜன் சல்பைடு எண்ணும் பூஜ்யத்தை விட்டுக் கிளம்பியது. ப்ளோயரை ஓடவிட்டுக் காத்திருந்தோம். இறங்கியது. மறுபடி கிளறினோம். எண் அசையாமல் நின்ற பிறகுதான் ஆளை அனுப்பினோம். அப்படியும் இறங்கியவரின் மார்பிலேயே ஒரு மீட்டர் மாட்டியிருந்தது.

துடுப்பு எட்டாத எதிர்முனைக்குப் போய் அவர் முதல் இழுப்பு இழுத்ததும் மீட்டர் அடித்தது. "அண்ணாச்சி, பொட்டி கத்துது, ஏறி வந்துருதேன்" என்றார். வெளியிலிருந்து நல்ல காற்று வரும் காற்றுக்குழாய் முகமூடி போட்டிருந்ததால் குரல் மங்கலாகத்தான் கேட்டது. "பைய வாங்க, அவசரமில்ல" என்றேன். கயிறு பிடித்திருந்தவர் தொய்வை எடுத்தார், உள்ளே இருந்தவர் தானாகவே ஏணியில் ஏறி வந்துவிட்டார். அந்த மூலைக்கு ப்ளோயரின் குழாயை நீட்டி, எண் இறங்கும்வரை எல்லோரும் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தோம். அங்கே வேறு எந்த அவசரமும் இல்லை.

முகமூடி என்றால் காற்றுக்குழாய் முகமூடிதான். வடிகட்டி போட்ட முகமூடி ஆக்சிஜனை உண்டாக்காது. மேன்ஹோலுக்கு மேலே முக்காலி, அதில் கைச்சுழல் வின்ச், இறங்குகிறவர் உடம்பில் முழு ஹார்னஸ் (தூக்குவதற்கான பட்டைக் கட்டு). வெளியே ஒருவர் கயிறு பிடிப்பது தவிர வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது, செல்போன் உட்பட. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் 36-ஆம் பிரிவில், தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தருவதும், மூச்சுக் கருவியோடு இடுப்புக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருப்பதும் சொல்லப்பட்டிருந்தன. 36ஏ பிரிவில், உள்ளே கொண்டுபோகும் விளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்பது இருந்தது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் வெளியே இருப்பவர் பதறிக் குதிப்பதும், அவரும் விழுவதும் கழிவுநீர்த் தொட்டிகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. வின்ச் இருந்தால் யாரும் குதிக்க வேண்டியதில்லை, சுழற்றினால் போதும். அதனால் வேலை தொடங்கும் முன் நல்ல உடம்புக்காரர் ஒருவரை ஹார்னஸில் மாட்டி, வெளியிலேயே தூக்கி இறக்கிப் பார்த்துவிட்டோம்.

உள்ளே நடந்த வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடியும் முன்னே தொடங்கி வெயில் ஏறும் முன் நிறுத்தினோம். ஒருவர் தொடர்ந்து கால் மணி நேரத்துக்கு மேல் உள்ளே நிற்கவில்லை. பித்தளைச் சுரண்டியும் ரப்பர் வைத்த மரத்துடுப்பும் மட்டும்தான், இரும்பு மண்வெட்டி கிடையாது. துருவோடு கந்தகம் சேர்ந்த இரும்பு சல்பைடு காய்ந்தால் காற்றுப் பட்டுத் தானாகவே கனன்று தீப்பிடிக்கும். ஆகவே சுவரில் ஒட்டிய பொருக்கைத் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்துச் சுரண்டி, பேரலிலும் ஈரமாகவே மூடினோம். கைகாலில் பட்ட எண்ணெயை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவும் வழக்கத்தையும் விட்டுவிடச் சொன்னேன், தோல் புண்ணாகிவிடும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு.

உமி பற்றி ஒன்று சொல்லவேண்டும். நம்ம பக்கம் அரிசி ஆலைகளில் உமிக்குக் குறைவில்லை. கசட்டில் மூட்டை மூட்டையாக உமியைக் கொட்டிக் கெட்டியாக்கி அள்ளுவது சுலபம் என்பார்கள். சுலபம்தான். ஆனால் இரண்டு பேரல் கசடு ஐந்து பேரலாகிவிடும், அந்த ஐந்தும் அபாயக் கழிவாகிவிடும். மேன்ஹோலைச் சுற்றிச் சிந்தியதைத் துடைக்க ஒரு மூட்டை வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

கடைசியில் வந்தது இரண்டு பேரலுக்குச் சற்றுக் குறைவு. எண்ணெய்க் கசடு 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்கீழ் வரும். மூடி போட்ட பேரலில் பெயர் எழுதி, கூரைக்கு அடியில், சிந்தினால் தேங்கும் தரையில் வைத்து, 90 நாளுக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவரிடம் படிவம் 10 என்ற அனுப்புச்சீட்டுடன் ஒப்படைக்கவேண்டும். டேங்கைக் கழுவிய தண்ணீரைக் காம்பவுண்டுக்கு வெளியே ஓடையில் விட்டுவிடும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். கங்கைகொண்டானில் ஓடையில் விட்டது சிற்றாற்றுக்குப் போகும், சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேரும். அந்த ஆற்றைக் குடிக்கும் ஊர்கள் அதற்குக் கீழே எத்தனை! கழுவிய தண்ணீரையும் ஒரு சொட்டு விடாமல் பேரலில் பிடித்தோம்.

சுத்தமான தகட்டில் விளக்கு அடித்துப் பார்த்தபோதுதான் கசடு சேர்ந்த காரணம் முழுவதும் தெரிந்தது. தண்ணீர் நிரப்பிய ட்யூபால் மட்டம் பிடித்துப் பார்த்ததில், வடிகுழாய் இருக்கும் முனை எதிர்முனையைவிட 3 செ.மீ. உயரமாக இருந்தது. தண்ணீர் போய்ச் சேரும் பக்கம் ஒன்று, அதை எடுக்கும் குழாய் இருக்கும் பக்கம் வேறொன்று. எத்தனை தடவை வடிகுழாயைத் திறந்தாலும் எதிர்முனைத் தண்ணீர் அங்கேயேதான் கிடந்திருக்கிறது. அந்த முனையில் அடித்தகடு அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் குழி குழியாக அரித்திருந்தது. தகட்டின் கனம் காட்டும் மீயொலி அளவியால் பார்த்ததில் 6 மி.மீ. தகட்டில் ஆழமான குழி ஏறக்குறைய 2 மி.மீ. எடுத்திருந்தது.

டேங்கைத் தூக்கிச் சாய்ப்பது பெரிய செலவு. அதனால் வடிகுழாயின் உள்வாயில் இருந்த மரையில் ஒரு குழாயை மாட்டி, தரையோடு தாழ்ந்த முனை வரை நீட்டி, அதன் வாயைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டோம். எண்ணெயின் கனமே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். லாரி எண்ணெய் இறங்கும் குழாய் மேலேயே முடிந்திருந்தது. அதைக் கீழே கொண்டுவந்து, நேராகத் தரையைக் குத்தாமல் இரண்டு பக்கமும் பிரியும்படி T வடிவ இணைப்பு ஒன்றை மாட்டினோம். மூச்சுக்குழாயின் வாயைக் கிழக்கே திருப்பி, பித்தளை வலை கட்டினோம். புது கேஸ்கெட் வைத்து, எதிரெதிர் போல்ட்டாகப் பாதி முடுக்கு, பிறகு முழு முடுக்கு. பிளாஞ்சுகளில் போட்ட தகடுகளை எண்ணி எடுத்து, எடுத்ததை எழுதிக்கொண்டோம்.

பாய்லர் பார்க்கும் தம்பியிடம் ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன்: வாரம் ஒருமுறை வடித்த தண்ணீர் எத்தனை லிட்டர், ஸ்ட்ரெய்னர் எப்போது கழுவியது, மாதம் ஒருமுறை இரண்டு கம்பி அளவு. லாரி வருவதற்கு முன்னால் தண்ணீரை வடிப்பது, இறக்கிய பிறகு ஒரு ராத்திரி தெளியவிட்டு எடுப்பது என்பதும் அதிலேயே முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கசடு 10 செ.மீ.யைத் தொட்டால் அந்தத் துளையிட்ட தகட்டை மாட்டிச் சூடான எண்ணெயைச் சுற்றவிடவேண்டும். அதற்காகத் தகட்டையும் குழாயையும் ஆலையிலேயே விட்டுவந்திருக்கிறேன். அரித்த தகட்டுக்கு மேல் ஒட்டுப் போடும் வேலை அடுத்த வருடாந்திர நிறுத்தத்துக்குத் தள்ளியிருக்கிறது. அது வெல்டிங் வேலை என்பதால் அதற்கு முன் டேங்கை மறுபடி முழுக்கக் காலி செய்து, எரியும் வாயு சுத்தமாகப் பூஜ்யம் காட்டும் வரை காற்றோட்டம் கொடுக்கவேண்டும்.